போக்கர் தளத்தின் அஃபிலியேட் திட்டத்தில் சேருமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஆட்டக்காரர்களை அனுப்பிவைத்தால் ஒரு தளம் 40% கமிஷன் தருகிறேன் என்கிறது, இன்னொன்று 25% தான் என்கிறது. நான் 40-ஐப் பார்த்ததும் சேர்ந்துவிட்டேன். எங்கே தவறினேன் என்று புரியவே ஏழு மாதம் ஆனது. நீங்கள் அந்த ஏழு மாதத்தை வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ரேக் என்பது ஆட்டத்தில் தளம் எடுத்துக்கொள்ளும் பங்கு, ரேக்பேக் அதில் ஆட்டக்காரருக்குத் திருப்பித் தருவது, டிராக்கிங் லிங்க் ஆளை அனுப்பியது நீங்கள்தான் என்று காட்டும் இணைப்பு.

முதலில் உரிமம். தளத்துக்கு யார் உரிமம் கொடுத்தார்கள், உங்கள் வாசகர்கள் இருக்கும் நாட்டில் அது செல்லுமா என்று பாருங்கள். சில நாடுகளில் பண ஆட்டத்தை விளம்பரம் செய்வதே குற்றம், இந்தியாவின் 2025 சட்டம் அப்படித்தான். அங்கே இருந்துகொண்டோ அங்கிருப்பவர்களை நோக்கியோ இதைச் செய்யாதீர்கள், கதை அங்கேயே முடிந்தது.

அடுத்து, ஆட்டக்காரர்களின் பணத்தைத் தளம் தனிக் கணக்கில் வைத்திருக்கிறதா என்று கேளுங்கள். இது நமக்கு எதற்கு என்று தோன்றும். 2011 ஏப்ரலில் அமெரிக்க அரசு வழக்குப் போட்டபோது ஃபுல் டில்ட் உலகின் பெரிய தளங்களில் ஒன்று. ஆட்டக்காரர்களுக்கு அது தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர், வங்கியில் இருந்ததோ சுமார் 6 கோடிதான் என்று அந்த செப்டம்பரில் அமெரிக்க நீதித் துறை சொன்னது. அங்கே பணம் போட்டவர்களில் எத்தனையோ பேர் ஏதோ ஒரு அஃபிலியேட்டின் பேச்சை நம்பிப் போனவர்கள். நம்மை நம்பி வருபவரின் பணம் அது, கமிஷனுக்கு முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, இப்போது நான் இடறிய இடம். 40% என்றால் எதில் 40%? ஒப்பந்தத்தில் ‘நெட் ரெவின்யூ’ என்று ஒரு சொல் இருக்கும், அதன் விளக்கம் பெரும்பாலும் நீங்கள் படிக்காமல் தாண்டும் பக்கத்தில் இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய ஒருவர் மாதம் 200 டாலர் ரேக் கட்டுகிறார். முதல் தளம் அதில் ரேக்பேக்குக்கு 60, போனஸுக்கு 40, பணப் பரிமாற்றக் கட்டணம் 10, ‘நிர்வாகச் செலவு’ என்று 20 எல்லாம் கழிக்கிறது. மிச்சம் 70, அதில் 40% என்றால் உங்களுக்கு 28 டாலர். இரண்டாவது தளம் போனஸை மட்டும் கழிக்கிறது. மிச்சம் 160, அதில் 25% என்றால் 40 டாலர்.

அதனால் சதவீதத்தை விடுங்கள். ‘200 டாலர் ரேக் கட்டும் ஒருவருக்கு என் கைக்கு எவ்வளவு வரும், வரி வரியாகக் கழித்துக் காட்டுங்கள்’ என்று தளத்தின் அஃபிலியேட் மேலாளருக்கு மின்னஞ்சல் போடுங்கள். சாட்டில் கேட்காதீர்கள், எழுத்தில் இருந்தால்தான் பிறகு காட்ட முடியும். இந்த ஒரு கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் நான் அந்தத் தளத்தை விட்டுவிடுவேன்.

அதே விளக்கத்தில் இன்னொன்றும் ஒளிந்திருக்கும்: கேசினோ. போக்கரில் ஆட்டக்காரர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் ஜெயிக்கிறார்கள், தளம் ரேக் எடுத்துக்கொள்கிறது. கேசினோவில் ஆட்டக்காரர் ஜெயித்தால் அது தளத்துக்கு நஷ்டம். இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்து, நஷ்டத்தை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோகும் விதியும் (நெகட்டிவ் கேரிஓவர்) இருந்தால், ஒரே ஒருவர் ஸ்லாட்டில் பெரிதாக அடித்தாலும் உங்கள் போக்கர் வருமானம் பல மாதங்களுக்குப் போச்சு. எனக்கு நடந்தது இதுதான். பதினொரு பேர் ஒழுங்காக ரேக் கட்டிக்கொண்டிருக்க, என் கணக்கு மட்டும் மைனஸிலேயே கிடந்தது. போக்கரையும் கேசினோவையும் தனித்தனியாகக் கணக்கிடுகிறார்களா, மாதா மாதம் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

சி.பி.ஏ. எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே தடவை வாங்குவது தொடக்கத்தில் கையில் காசு வர உதவும். ஆனால் எவ்வளவு டெபாசிட், எவ்வளவு ரேக் கட்டிய பிறகு அந்த ஆள் கணக்கில் வருவார் என்று பாருங்கள். என் விருப்பம் ரெவின்யூ ஷேர்தான், அதாவது மேலே சொன்னபடி மாதா மாதம் சதவீதமாக வாங்குவது.

அப்புறம் டிராக்கிங். போக்கரில் பெரும்பாலும் மென்பொருளை இறக்கித்தான் ஆட வேண்டும். லிங்க்கை ஃபோனில் அழுத்திவிட்டு கணினியில் பதிவுசெய்தால் குக்கி (உங்கள் லிங்க்கில் வந்தவர் என்று குறித்துவைக்கும் சிறு கோப்பு) அங்கேயே அறுந்துவிடும். அதனால் லிங்க்கோடு போனஸ் கோடும் (பதிவுசெய்யும்போது தட்டச்சு செய்யும் குறியீடு) தரும் தளம்தான் எனக்கு வேண்டும். சேர்ந்த அன்றே, கணக்கு இல்லாத நண்பர் ஒருவரைப் பதிவுசெய்யச் சொல்லி உங்கள் ரிப்போர்ட்டில் பெயர் விழுகிறதா பாருங்கள். நீங்களே உங்கள் லிங்க்கில் பதிவுசெய்வதைப் பல ஒப்பந்தங்கள் தடுக்கின்றன, கவனம்.

பழைய ஒப்பந்தப் பக்கங்களை வேபேக் மெஷினில் (இணையப் பக்கங்களின் பழைய வடிவங்களைச் சேமித்துவைக்கும் தளம்) தேடிப் பாருங்கள். ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கும் பங்கைக் குறைத்திருக்கிறார்களா, மாதம் இத்தனை புது ஆட்கள் வராவிட்டால் பழையவர்களின் பங்கும் போய்விடும் என்று நடுவில் விதி நுழைந்திருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். இதற்கெனக் காசு கட்டி வாங்கும் கருவிகள் வேண்டாம், இதுவும் ஒரு கூகுள் ஷீட்டும் போதும்.

பின்சேர்க்கை: ஒரே மாதிரி ஆடும் இருவருக்கு இரண்டு தளங்களில் ரேக் வேறு வேறாக வருகிறதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். சில தளங்கள் மேசையில் சீட்டு வாங்கிய எல்லோருக்கும் ரேக்கைச் சமமாகப் பிரிக்கும், சில தளங்கள் அந்தக் கையின் பந்தயத் தொகையில் (pot) அவரவர் போட்ட பணத்தின் அளவுப்படி பிரிக்கும். புதிதாக ஆடுபவர்கள் நிறைய கைகளில் பணம் போடுவார்கள், ஆகவே உங்கள் வாசகர்கள் புதியவர்கள் என்றால் இரண்டாவது முறையில் உங்கள் பங்கு கூடும். கணக்கு வரி வரியாகக் கேட்கும் அந்த மின்னஞ்சலிலேயே இதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.