ஸ்பெக்ட்ரம் உயிர்பெற வேண்டுமா? முதலில் மூன்று வோல்டேஜைப் பாருங்கள்

லண்டனில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சாமான்களுக்கு நடுவே கிடந்தது அது. சிங்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே. 1982இல் வந்த, 48 கிலோபைட் மெமரி கொண்ட வீட்டுக் கம்ப்யூட்டர்; ரப்பர் பொத்தான் வைத்த சின்னக் கறுப்புப் பெட்டி. ‘ஓடுமா தெரியாது’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால் திரை முழுக்கக் கோடுகள். மெமரி சிப்புகள் இருக்கும் பக்கத்தில் கைவைத்தால் சுட்டது.

இந்தக் கோளாறோடு உங்கள் கைக்கும் ஒன்று வந்தால், தயவுசெய்து உடனே சிப் வாங்க ஓடாதீர்கள். முதலில் அடாப்டரைப் பாருங்கள். இதற்கு வேண்டியது 9 வோல்ட் டிசி, முனையின் உள்பக்கம் மைனஸ். இன்று வீட்டில் கிடக்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் இதற்கு நேர் எதிர், உள்ளே பிளஸ். முனை பொருந்துகிறதே என்று அதைச் செருகிவிட்டால் நல்ல பெட்டியும் போய்விடும்.

சரி, திறக்கலாம். அடியில் ஐந்து திருகாணிகள். மேல்மூடியை வெடுக்கென்று தூக்க வேண்டாம். கீபோர்டிலிருந்து இரண்டு மெல்லிய பட்டைகள் போர்டில் செருகியிருக்கும். நாற்பது வருடம் ஆனதால் அவை மொறுமொறுவென்று உடையும். இரண்டையும் நேராக மேல்நோக்கி மெதுவாக உருவுங்கள். உடைந்தாலும் கவலை இல்லை, புதிய மெம்பரேன் (பட்டைகளோடு சேர்ந்த, பொத்தான்களுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தாள்) இப்போதும் செய்து விற்கிறார்கள்.

இனிதான் முக்கியமான வேலை. முதல் 16கே மெமரி 4116 என்ற எட்டு சிப்புகளில் இருக்கிறது. போர்டில் ஐசி6 முதல் ஐசி13 வரை என்று எண்ணிட்டவை. இந்தச் சிப்புக்கு ஒன்றல்ல, மூன்று வோல்டேஜ் வேண்டும்: 8ஆம் காலில் +12, 9ஆம் காலில் +5, 1ஆம் காலில் −5. 16ஆம் கால் கிரவுண்ட். +5ஐ 7805 ரெகுலேட்டர் (வோல்டேஜை நிலையாக வைக்கும் பாகம்) தருகிறது. மற்ற இரண்டையும் டிஆர்4 என்ற டிரான்சிஸ்டரும் பக்கத்தில் உள்ள கம்பிச் சுருளும் சேர்ந்து உண்டாக்குகின்றன. −5 இல்லாமல் +12 மட்டும் வந்துகொண்டிருந்தால் 4116 உள்ளுக்குள்ளேயே எரிந்துபோகும். ஆக, சிப் கெட்டால் டிஆர்4 போகும். டிஆர்4 கெட்டால் சிப் போகும்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு டிரான்சிஸ்டர் செலவானது. டிஆர்4 எரிந்திருப்பதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அந்த இடத்துக்கான புது டிரான்சிஸ்டர், இசட்டிஎக்ஸ்650 ஒன்றைப் பற்றவைத்து மின்சாரம் கொடுத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அதுவும் போனது. ஷார்ட் ஆன சிப் இன்னும் போர்டிலேயே இருந்தது. அதனால் வரிசையை மாற்றாதீர்கள்: மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, 8ஆம் காலுக்கும் 16ஆம் காலுக்கும் இடையே அளவுங்கள். அப்புறம் 1க்கும் 16க்கும், 8க்கும் 9க்கும். எங்காவது சில ஓம்ஸ் மட்டும் காட்டினால் எட்டில் ஒன்று ஷார்ட்.

எது என்று எப்படித் தெரியும்? 12 வோல்ட் கோட்டில் ஷார்ட் இருந்தால் நான் செய்வது இது: ஒரு சிப்பின் 8ஆம் காலை மட்டும் நறுக்கிவிட்டு மறுபடி அளப்பேன். ஷார்ட் விலகினால் அதுதான். விலகாவிட்டால் நறுக்கிய இடத்தில் ஈயம் வைத்து ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போவேன். என் பெட்டியில் நான்காவது சிப்பில் மீட்டர் சட்டென்று ஏறியது.

கெட்ட சிப்பை முழுசாக எடுக்க முயலாதீர்கள். அது செத்தது, அதைக் காப்பாற்ற வேண்டியதில்லை. போர்டைத்தான் காப்பாற்ற வேண்டும். கூர்மையான கட்டரால் பதினாறு கால்களையும் உடலை ஒட்டி நறுக்குங்கள், உடல் தனியே வந்துவிடும். பிறகு ஒவ்வொரு காலாக: துளி ஃபிளக்ஸ் (ஈயம் நன்றாக ஓட உதவும் பசை), துளி புது ஈயம், அயர்னை வைத்து இரண்டு வினாடி. ஈயம் பளபளவென்று உருகியதும் காலை இடுக்கியால் தூக்குங்கள். வழுக்கிக்கொண்டு வர வேண்டும். இழுக்க வேண்டியிருந்தால் சூடு போதவில்லை. அப்படி இழுத்தால் செம்புத்தடம் சேர்ந்து உரிந்துவிடும். கால்கள் போனபின் உறிஞ்சும் பம்பால் துளைகளைச் சுத்தம் செய்து, சிப்பைச் செருகி எடுக்க உதவும் சாக்கெட் ஒன்றைப் பற்றவையுங்கள். புதுச் சிப்பை இப்போதே செருக வேண்டாம்.

முதலில் டிஆர்4 மாற்றுங்கள், தட்டைப் பக்கம் பழையதைப் போலவே இருக்கட்டும். பக்கத்தில் இருக்கும் டிஆர்5ஐயும் ஒரு தடவை சோதியுங்கள். மின்தேக்கிகளையும் இந்தச் சமயத்திலேயே மாற்றிவிடுவது என் பழக்கம். கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பிளஸ் எந்தப் பக்கம் என்று பிறகு குழம்பாது. இனி மின்சாரம் கொடுத்து, காலியான சாக்கெட்டில் மூன்று வோல்டேஜையும் அளவுங்கள். மூன்றும் சரியாக நின்றால் மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சிப்பைச் செருகுங்கள்.

திரை ஒரு கணம் கறுத்து, வெள்ளையாகி, கீழே 1982 என்ற பதிப்புரிமை வரி வந்தால் 16கே சரி. மீதி 32கேயும் வேலை செய்கிறதா என்று அதனிடமே கேட்கலாம்: அதன் பேசிக் மொழியில் பிரிண்ட் பீக் (PRINT PEEK) 23732+256*பீக் 23733 என்று அடியுங்கள். ‘பீக்’ வர, கேப்ஸ் ஷிப்டையும் சிம்பல் ஷிப்டையும் சேர்த்து அழுத்திவிட்டு ‘ஓ’ தட்ட வேண்டும். 65535 என்று வந்தால் மூடியைப் பூட்டலாம். 32767 வந்தால் ஐசி15 முதல் 22 வரை உள்ள வரிசையில் ஏதோ ஒன்று கெட்டிருக்கலாம். அந்தச் சிப்புகளுக்கு 5 வோல்ட் மட்டுமே போதும்.