காரில் டிரெய்லர் லைட் ஒயரிங்: என்னை அலையவிட்ட வெள்ளை ஒயர்

டல்லாஸ் பக்கம் வீடு. வசந்தம் வந்தால் தோட்டத்துக்கு மண்ணும் உரமும் டிக்கியில் மூட்டை மூட்டையாக ஏற்றி அலுத்துப்போய், போன வருஷம் 4க்கு 8 அடியில் பழைய டிரெய்லர் ஒன்று வாங்கினேன். காரில் ஹிட்ச் (டிரெய்லரை மாட்டி இழுக்கும் பின்பக்க இரும்பு அமைப்பு) ஏற்கெனவே இருந்தது. விளக்குக்கு ஒயர்தான் இல்லை. கடையில் கேட்ட கூலி டிரெய்லர் விலையில் பாதி. நாமே பார்த்துக்கொள்வோம் என்று இறங்கினேன். அரை நாள் வேலை எனக்கு மூன்று வார இறுதி ஆனது. அதில் இரண்டைத் தின்றது ஒரே ஒரு ஸ்க்ரூ.

அமெரிக்காவில் இந்த அளவு டிரெய்லருக்கு நாலு ஒயர் தட்டை பிளக். நான் மனப்பாடம் செய்தது: மஞ்சள் இடம், பச்சை வலம், பழுப்பு ராத்திரி, வெள்ளை மண். மஞ்சளும் பச்சையும் அந்தந்தப் பக்கத்து பிரேக்கையும் இண்டிகேட்டரையும் சேர்த்தே சுமக்கும். பழுப்பு டெயில் லைட். வெள்ளை எர்த்து, கரண்ட் கார் உடம்பின் இரும்பு வழியாகத் திரும்பிப் போகும் வழி. (பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் இதை அப்படியே செய்யாதீர்கள். உங்கள் 7 பின் பிளக்கில் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் தனித்தனி ஒயர்.)

கடைக்குப் போகும் முன் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுக் காருக்குப் பின்னால் போய் நில்லுங்கள். பிரேக்குக்கு எரியும் அதே சிவப்பு விளக்கு சிமிட்டினால் கன்வெர்ட்டர் தேவையில்லை. மஞ்சள் விளக்கு தனியாகச் சிமிட்டினால் தேவை. பிரேக்கையும் இண்டிகேட்டரையும் ஒரே ஒயரில் சேர்ப்பது அதன் வேலை. என் வண்டி இரண்டாவது ரகம். உங்கள் மாடலுக்கென்றே பிளக்கில் சொருகும் ரெடிமேட் ஹார்னஸ் (ஒயர்க் கட்டு) கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள், எதையும் வெட்ட வேண்டாம். என் வண்டிக்குக் கிடைக்கவில்லை.

கன்வெர்ட்டரில் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் எடுக்கும் வகைதான் என் கட்சி. டிரெய்லரில் வழக்கமாக இருக்கும் 1157 பல்பு பிரேக் அடிக்கும்போது சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். அந்தச் சுமையைக் கார் விளக்கு ஒயர் மேல் ஏற்றுவானேன்?

வேலை தொடங்கும் முன் கன்வெர்ட்டரின் பேட்டரி ஒயரில் வரும் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போடுங்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் அது உள்ளே போக வேண்டும். பின் விளக்கைக் கழற்றி, டெஸ்ட் லைட்டால் (கரண்ட் இருந்தால் எரியும் சின்ன விளக்கு) எந்த ஒயரில் எது வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மேலே சொன்ன நிறங்கள் டிரெய்லர் பக்கத்துக்குத்தான். காருக்குள் ஓடும் ஒயர்களின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிரேக்கை மிதிக்க ஆள் இல்லையென்றால் சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே துடைப்பக் கட்டை.

ஒயரைக் கடித்துப் பிடிக்கும் நீல நிற கிளிப்பைத் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் இழைகளை வெட்டிவிடும், ஈரமும் புகும். நான் போஸி-டேப் (ஒயரை வெட்டாமல் கிளை எடுக்கும் திருகு இணைப்பு) போட்டேன். விலை அதிகம், ஆனால் தப்பாகப் போட்டால் கழற்றி மறுபடி போடலாம். பேட்டரி ஒயரைக் காருக்கு அடியில் கொண்டுபோனால் சைலன்சர் குழாய்ப் பக்கம் அண்ட விடாதீர்கள்.

இப்போது அந்த ஸ்க்ரூ.

கன்வெர்ட்டரின் வெள்ளை ஒயரை டிக்கிக்குள் இருந்த ஒரு போல்ட்டில் முடுக்கிவிட்டேன். டிரெய்லரை மாட்டினேன், எல்லாம் எரிந்தது. பெருமையாக வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பினேன். அன்று ராத்திரி பின்னால் வந்த நண்பர் போன் செய்தார்: "டேய், லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டா ரெண்டு பக்கமும் சிமிட்டுதுடா. பிரேக் அடிச்சா டெயில் லைட் மங்குது."

கன்வெர்ட்டர்தான் போச்சு என்று புதிதாக வாங்கி மாட்டினேன். அதே கதை. விஷயம் என்னவென்றால், நான் முடுக்கிய போல்ட் முழுக்க பெயின்ட். எர்த்து சரியாகப் பிடிக்காதபோது கரண்ட் திரும்பிப் போக வேறு வழி தேடும். பக்கத்து பல்பின் இழை வழியாகப் போகும். அதனால்தான் சம்பந்தமில்லாத விளக்கெல்லாம் சிமிட்டியது. அப்படியானால் வீட்டு வாசலில் எப்படி எரிந்தது? ஹிட்ச் பந்தும் (டிரெய்லர் உட்காரும் இரும்பு உருண்டை) டிரெய்லரும் இரும்போடு இரும்பாகத் தொட்டுக்கொண்டு எர்த்து கொடுத்திருக்கின்றன. சாலையில் குலுங்கியதும் கிரீஸும் துருவும் நடுவே வந்து அது விட்டுப்போனது.

பெயின்ட்டை உப்புத்தாளால் பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேய்த்து, ஒயர் முனையில் ரிங் டெர்மினலை (வளைய முனை) நசுக்கிப் பொருத்தி, பல் வைத்த வாஷரோடு முடுக்கினேன். சரியானது. டிரெய்லர் பக்கத்து வெள்ளை ஒயருக்கும் இதையே செய்யுங்கள். என் டிரெய்லரில் அந்த இடத்தில் துரு பொரிந்து அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

பியூஸைப் போட்டபின் டெயில், இடம், வலம், பிரேக் என்று பாருங்கள். கடைசியாகப் பிரேக்கை மிதித்தபடி இடது இண்டிகேட்டர்: இடது சிமிட்ட, வலது நின்று எரிய வேண்டும். இதை டிரெய்லரைப் பந்திலிருந்து தூக்கிவிட்டு, பிளக்கை மட்டும் சொருகிச் சோதியுங்கள். பந்து எர்த்து கொடுத்து உங்களையும் ஏமாற்றக் கூடாது.

பிற்சேர்க்கை 1: டெஸ்ட் லைட் ஒரே ஒயரில் மங்கலாகவும் பிரேக் அடித்தால் பிரகாசமாகவும் எரிகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். சில புது வண்டிகளில் டெயிலும் பிரேக்கும் ஒரே ஒயரில், கரண்ட்டை வேகமாக விட்டு விட்டு அனுப்பும் முறையில் வருகின்றன. சாதாரண கன்வெர்ட்டர் அங்கே உளறும். அட்டைப் பெட்டியில் 'பி.டபிள்யூ.எம்' (PWM, அந்த முறையின் பெயர்) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பிற்சேர்க்கை 2: கார் பக்கத்துக்கு எந்த முனை என்று இருவர் கேட்டார்கள். மூன்று முனை ரப்பருக்குள் மூடி, ஒன்று மட்டும் வெளியே நீட்டியிருக்கும் பிளக்தான் காருக்கு. வெளியே தெரிவது எர்த்து, எதில் பட்டாலும் ஷார்ட் ஆகாது. அந்தப் பிளக்கைத் தரையில் இழுபட விடாமல் ஹிட்ச்சோடு ஒரு டை போட்டுக் கட்டுங்கள். என்னுடையது ஹைவேயில் உரசி அந்த முனை பாதி தேய்ந்து, மறுபடி வாங்கினேன்.