ஓ.ஐ.சி.யிடம் எதைக் கேட்க வேண்டும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் கிராம சேவகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பொலிசுக்குப் போகப் புறப்படுகிறவர்கள் இன்னும் என் வீட்டுக்கு வந்து விட்டுத்தான் போவார்கள். பலரும் ஓ.ஐ.சி.யை, அதாவது பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியை, நீதவான் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். "சேர், காணியை மீட்டுத் தாங்க", "சேர், குடுத்த காசை வாங்கித் தாங்க" என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் அவருக்கு அதிகாரம் கிடையாது. அவர் மறுக்க முடியாத கடமைகள் வேறு இருக்கின்றன. அவற்றைக் கேளுங்கள்.

முதல் கடமை முறைப்பாட்டை எழுதுவது. குற்றம் நடந்ததை வாயாலும் சொல்லலாம், எழுதியும் கொடுக்கலாம். வாயால் சொன்னால், நீங்கள் சொன்ன மொழியிலேயே எழுதி, உங்களுக்கு வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், 109ஆம் பிரிவு. கடமையில் இருப்பவருக்குத் தமிழ் எழுத வராவிட்டால், உங்களையே தமிழில் எழுதித் தரும்படி அவர் கேட்க வேண்டும். ஆகவே முதல் நாள் இரவே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: திகதி, நேரம், இடம், ஆட்களின் பெயர், வாகன இலக்கம், பார்த்த சாட்சி. கோபத்தை எழுத வேண்டாம், நடந்ததை எழுதுங்கள். வாசித்துக் காட்டாத சிங்களப் பதிவில் கையெழுத்துப் போடாதீர்கள். "சேர், எனக்கு விளங்கல்ல, தமிழில வாசிச்சுக் காட்டுங்க" என்று மரியாதையாகச் சொன்னால் போதும். வயதானவர்கள் இப்படிக் கேட்கப் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. வழக்கென்று வந்தால் அந்த முதல் பதிவைத்தான் எல்லோரும் புரட்டிப் பார்ப்பார்கள்.

வெளியே வரும்போது, முறைப்பாட்டை எழுதியது எந்தப் புத்தகம், எத்தனையாம் பக்கம், எத்தனையாம் பந்தி என்று கேட்டு எழுதி வாங்குங்கள். முறைப்பாடு கொடுக்கக் கிராம சேவகரின் கடிதம் தேவையில்லை. பெண்கள், பிள்ளைகள் சம்பந்தப்பட்டதென்றால் அதற்கான பிரிவு பொலிஸ் நிலையத்திலேயே இருக்கிறது. அங்கே போங்கள்.

இனிக் காணி. வயல் வரம்பை வெட்டிவிட்டார்கள், வேலியைப் பிடுங்கிவிட்டார்கள் என்றால் ஓ.ஐ.சி. காணி உறுதியையும் பெர்மிட்டையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் சமாதானம் குலையும் என்று தெரிந்தால், தாமதிக்காமல் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். இதைத்தான் ஊரில் 'அறுபத்தாறு வழக்கு' என்கிறோம். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவு. நீதிமன்றம் இங்கே காணி யாருக்குச் சொந்தம் என்று பார்ப்பதில்லை, யார் கையில் இருந்தது என்றுதான் பார்க்கும். வழக்கு வைக்கப்படுவதற்கு முன்னான இரண்டு மாதத்துக்குள் உங்களைப் பலவந்தமாக வெளியேற்றியிருந்தால், திரும்ப உங்கள் கையில் கொடுக்கும்படி உத்தரவிடலாம். இந்த இரண்டு மாதத்தை 'அறுவடை முடியட்டும், பொங்கல் முடியட்டும்' என்று கழித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பொலிஸ் அசையாவிட்டால், சட்டத்தரணியைப் பிடித்துச் சத்தியக்கடதாசியோடு நீங்களே நேரே நீதிமன்றம் போகலாம்.

கடன் கொடுத்த காசுக்கு, இரு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபை இருக்கிறது. பொய் சொல்லி ஏமாற்றி வாங்கியிருந்தால் மட்டும் அதை மோசடியென்று பொலிசில் எழுதுங்கள்.

வீட்டுப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனால், வாசலில் நின்று சத்தம் போடுவதை விட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: என்ன குற்றம், எப்போது நீதிமன்றம்? கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்பது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. சாதாரணக் குற்றமென்றால், பயண நேரம் போக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். உங்களுக்காக ஒரு சட்டத்தரணி பொலிஸ் நிலையம் போய்ப் பேசவும் 2012இல் விதி வந்திருக்கிறது.

எதுவும் நடக்கவில்லையா? ஓ.ஐ.சி.க்கு மேலே ஏ.எஸ்.பி. (உதவிப் பொலிஸ் அத்தியட்சகர்), அவருக்கு மேலே எஸ்.எஸ்.பி. (சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர்) இருக்கிறார்கள். பக்கம், பந்தி இலக்கத்தைப் போட்டு அவர்களுக்கு எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். அப்புறம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். அடி, சித்திரவதை, காரணமில்லாத கைது என்றால் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு ஒரு மாதத்துக்குள் போய்விடுங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போடவும் அதே ஒரு மாதம்தான். அதற்குள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.