கீழே கடை, மேலே வீடு: எங்கே சறுக்குகிறார்கள்?

களையிழந்த கடைவீதிக்கு உயிரூட்ட, கீழே கடையும் மேலே வீடும் அலுவலகமுமாக ஒரு கட்டடம் எழுப்புவது பழைய உத்திதான். ரோமானியரின் துறைமுக நகரமான ஓஸ்தியாவில், கி.பி. இரண்டாம் நூற்றாண்டு அடுக்குமாடிகளின் தரைத்தளத்தில் வரிசையாகக் கடைகள் இருந்ததை இடிபாடுகளில் இன்றும் பார்க்கலாம். அப்படியிருந்தும், புதிதாகக் கட்டிய கட்டடம் ஒன்றின் மேல்மாடிகள் நிரம்பி வழிய, கீழே இரண்டு வருடமாக ஷட்டர் இறங்கியே கிடக்கும். மேல்தளங்களுக்குக் கணக்குப் போட்டுவிட்டு, மிஞ்சிய இடத்துக்குக் 'கடை' என்று வரைபடத்தில் எழுதிவைப்பதன் பலன் இது.

உயரத்தில்தான் முதல் கோளாறு. வீட்டுக்கு 2.7 மீட்டர் போதும். கடைக்கு நாலு மீட்டராவது வேண்டும். ஏசி குழாய், விளக்கு, பெயர்ப்பலகை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டுமே. ஸ்லாப் போட்டபின் அதை உயர்த்த முடியாது.

அதைவிடப் பெரிய தலைவலி புகை. சாப்பாட்டுக் கடை வந்தால்தான் மாலையில் ஆள் நடமாட்டம் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அடுப்படிப் புகை மொட்டைமாடி வரை போக ஒரு குழாய்வழி விட வேண்டும் என்பது வரைபடம் போடும்போது யாருக்கும் தோன்றாது. கடைசியில் பின்சுவரில் துளை போட்டு, முதல் மாடிப் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே விசிறியை மாட்டுவார்கள். தாளிக்கும் நெடியும் இரவு பதினோரு மணிவரை இரைச்சலும் அந்த வீட்டுக்குள் போகும். புகார் வரும், கடை மூடும். எண்ணெய்ப் பிசுக்கு சாக்கடையை அடைக்காமலிருக்க ஒரு தொட்டி, சரக்கு லாரி நிற்க இடம், குடியிருப்போருக்குத் தனி வாசல், தளங்களுக்கிடையே தீயும் சத்தமும் தாண்டாத தடுப்பு எல்லாமே அஸ்திவாரத்துக்கு முன் முடிவாக வேண்டியவை.

ஒரே பெரிய நிறுவனத்துக்குத் தரைத்தளம் முழுவதையும் கொடுப்பதும் ஆபத்து. வாடகை வசூல் சுலபம்தான், மறுக்கவில்லை. அது வெளியேறிய அன்று தெருவே இருட்டாகிவிடும். நடந்துபோகிறவர் மணிக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார்; சில விநாடிக்கு ஒரு வாசலாவது கண்ணில் பட்டால்தான் கால் நிற்கும். ஐம்பது மீட்டர் கண்ணாடிச் சுவரில் ஸ்டிக்கர் ஒட்டிவைத்தால் விறுவிறுவென்று கடந்துவிடுவார்.

இப்படிக் கடை, வீடு, அலுவலகம் சேர்ந்த கட்டடத்தைக் 'கலப்புப் பயன்பாடு' என்பார்கள். அந்தக் 'கலப்பு' என்ற சொல்லையும் தப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அலுவலகம், வங்கி, பயிற்சி மையம் மூன்றையும் சேர்த்தாலும், மூன்றும் ஆறு மணிக்குப் பூட்டினால் அது கலப்பாகாது. வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு காரணத்துக்காக ஆட்கள் தெருவுக்கு வர வேண்டும் என்று, நகர வாழ்க்கையைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961-லேயே எழுதிவிட்டார்.

பார்க்கிங்கை முகப்பில் வைக்காதீர்கள். கார் வந்துபோகும் வழியோடு சேர்த்து ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் போகும். நாற்பது கார் என்றால் ஆயிரம் சதுர மீட்டருக்குக் குறையாது. அமெரிக்காவின் பஃபலோ நகரம், கட்டடத்துக்கு இத்தனை பார்க்கிங் கட்டாயம் என்ற விதியையே 2017-ல் எடுத்துவிட்டது.

இனி வாடகை. கடனுக்காக வங்கிக்குக் காட்டிய வாடகைத் தொகை குறையக்கூடாதென்று கடைகளைக் காலியாகவே வைத்திருப்பவர்கள் உண்டு. முதல் வருடம் பாதி வாடகைக்கு ஒரு தையல் கடை, ஒரு சைக்கிள் பழுதுக்கடை வந்து விளக்குப் போட்டாலே மேல்மாடி வீடு பார்க்க வருகிறவர் முகம் மாறும்.