பரணில் கிடக்கும் போலராய்டுக்குச் செய்யக் கூடாதவை

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் என் பெரியப்பா வீட்டுப் பரணில் ஒரு போலராய்டு எஸ்எக்ஸ்-70 கிடந்தது; எடுத்த படத்தை உடனே வெளியே தள்ளும் பழைய கேமரா. பொத்தானை அழுத்தினால் அசைவே இல்லை. பழுதென்று முடிவு கட்டிப் பழைய சாமான்காரரிடம் போடவிருந்தார்கள். உண்மையில் அந்தக் கேமராவுக்குள் பேட்டரியே கிடையாது. ஃபிலிம் பெட்டியின் அடியில் தட்டையாக ஒரு 6 வோல்ட் பேட்டரி இருக்கும். மோட்டார் ஓடுவது அதனால்தான். புதிய பெட்டியைச் செருகியதும் உறுமிக்கொண்டு, ஃபிலிமை மூடியிருந்த கறுப்பு அட்டையை வெளியே தள்ளியது. அசையவில்லை என்பதற்காக எஸ்எக்ஸ்-70, 600 வகைக் கேமராக்களைத் தயவுசெய்து கழித்துவிடாதீர்கள்.

ஃபிலிம் வாங்குவதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். விலை குறைவென்று, புதிய போலராய்டு கேமராக்களுக்கான ஐ-டைப் ஃபிலிமை வாங்கினால் அதில் பேட்டரி இல்லை. பழைய கேமரா ஓடாது. 600 ஃபிலிம் எஸ்எக்ஸ்-70 ஃபிலிமைவிட நான்கு மடங்கு ஒளியுணர்வு கொண்டது; அதை எஸ்எக்ஸ்-70இல் வலிந்து செருகினால் படம் வெளுத்துப்போகும். கோடாக்கின் பழைய உடனடிக் கேமராவைப் படமெடுக்கவென்று வாங்கவே வாங்காதீர்கள். போலராய்டு தொடுத்த காப்புரிமை வழக்கில் தோற்று 1986இல் கோடாக் அந்தத் தொழிலையே விட்டது. அதற்கு இன்று ஃபிலிம் இல்லை. போலராய்டும் 2008இல் ஃபிலிம் தயாரிப்பை நிறுத்தியதுதான். நெதர்லாந்தின் என்ஸ்கெடே ஆலையைச் சிலர் காப்பாற்றியதால் நமக்கு இன்றும் கிடைக்கிறது, பெட்டிக்கு எட்டுப் படம்.

1972இல் வந்த எஸ்எக்ஸ்-70ஐச் சேகரிப்பாளர்கள் தேடுவதற்குக் காரணம் அதன் மடிப்பு. மூடினால் தடித்த புத்தகம் போல இருக்கும். இழுத்து விரித்தால் லென்ஸ் வழியாகவே பார்க்கும் முழுக் கேமரா. வெள்ளியாக மின்னும் அதன் உடல் உலோகமல்ல, முலாம் பூசிய பிளாஸ்டிக். பெரியம்மா குத்துவிளக்கைத் துலக்குவது போல விபூதி தொட்டுத் தேய்த்ததில் ஒரு மூலையில் முலாம் போய்விட்டது. மென்மையான துணி போதும். துடைக்க வேண்டியது உள்ளே இருக்கும் உருளைகளை: படத்துக்குள் இருக்கும் ரசாயனத்தைப் பரப்புபவை அவைதான். அழுக்கு ஒட்டியிருந்தால் ஒவ்வொரு படத்திலும் ஒரே இடைவெளியில் புள்ளி விழும்.

அடுத்தது நம் ஊர் வெயில். இந்த ஃபிலிமுக்கு ஏற்றது 13 முதல் 28 டிகிரி வரை. தர்மபுரியில் சித்திரை நண்பகலில் எடுத்தால் படம் மஞ்சளும் சிவப்புமாகச் சாயும். காலை ஏழு மணிக்கு எடுங்கள். ஃபிலிமைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், உறைய மட்டும் விடாதீர்கள். வெளியே வந்த படத்தை உதறாமல், வெளிச்சம் படாமல், கவிழ்த்துச் சட்டைப்பைக்குள் வைத்துக் கால் மணி நேரம் காத்திருங்கள்.