கேட் மெக்கானிக்கல்: எந்தப் பாடத்தை விடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு

ஒவ்வொரு வருடமும் கேட் (எம்.டெக். சேர்க்கைக்கு எழுதும் நுழைவுத் தேர்வு) எழுதப்போகும் இறுதியாண்டுப் பிள்ளைகள் யாராவது ஒரு சிலபஸ் தாளோடு வந்து நிற்பார்கள், அதில் பாதி அடிக்கப்பட்டிருக்கும். பழைய வினாத்தாளைப் போடு, ஃபார்முலாவை எழுதி வை என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், விட்டுவிடுகிறேன். கேட் மெக்கானிக்கலில் 65 கேள்விகளும் எல்லோருக்கும் பொது, இந்தப் பகுதி வேண்டாம் என்று தள்ள வழியில்லை. அதனால் படிக்கும்போதே எதை விடுவது என்பதில்தான் கோளாறு நடக்கிறது. அப்படி நான் பார்க்கும் தப்புகள்தான் கீழே உள்ள தலைப்புகள்.

வெயிட்டேஜ் பட்டியலை வைத்துப் பாடத்தைக் கழிப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். எந்தப் பாடத்துக்கு எத்தனை மார்க் என்று போட்ட அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பாடமும் தனித்தனிக் கட்டத்தில் இருப்பதால், ஒன்றை அடித்தால் அந்த மார்க் மட்டும்தான் போகும் என்று தோன்றுகிறது. தம்பி ஒருவன் எஸ்.ஓ.எம். (ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்) கஷ்டம் என்று அடித்துவிட்டு மெஷின் டிசைனை வைத்துக்கொண்டான், "அது நாலு ஃபார்முலாதான் அண்ணா" என்று. சரி என்று வளைக்கும் பெண்டிங் மொமெண்ட்டும் (எம்) முறுக்கும் டார்க்கும் (டி) சேர்ந்து வரும் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) கணக்கு ஒன்றைக் கொடுத்தேன். எம் ஸ்கொயர், டி ஸ்கொயர் கூட்டி, ரூட் எடுத்து, 16 ஆல் பெருக்கி, விட்டத்தின் கியூபையும் π-யையும் கீழே போட்டு மளமளவென்று முடித்துவிட்டான். அதே ஷாஃப்டை நீளவாக்கில் இழுக்கும் விசை ஒன்றையும் சேர்த்துக் கொடுத்ததும் பேனா நின்றுவிட்டது. அங்கே அந்தச் சூத்திரம் செல்லாது. பெண்டிங்கால் வரும் ஸ்ட்ரெஸ்ஸோடு (தகைவு) இழுவிசையின் ஸ்ட்ரெஸ்ஸைக் கூட்டிக்கொண்டு மோர் (Mohr) வட்டம் என்ற ஸ்ட்ரெஸ் வரைபடத்துக்குப் போக வேண்டும், மோர் வட்டமோ அவன் அடித்த பாடத்தில் இருந்தது.

தெர்மோவை (தெர்மோடைனமிக்ஸ்) விட்டுவிட்டு ரெஃப்ரிஜரேஷனை "சின்னப் பாடம், சீக்கிரம் முடியும்" என்று எடுப்பதும் இதே கதைதான். என்தால்பி (பொருளின் வெப்ப ஆற்றல் அளவு) எங்கே எவ்வளவு மாறுகிறது என்று தெரியாமல், குளிரூட்டியின் செயல்திறனான சி.ஓ.பி.யை எப்படிப் போடுவது? வைப்ரேஷனுக்கு இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு வேண்டும், அது கணிதத்தில் இருக்கிறது. நேரமே இல்லை, எதையாவது விட்டே ஆக வேண்டும் என்றால், வேறு பாடம் எதுவும் நம்பியிருக்காத ஒன்றாகப் பார்த்து விடுங்கள். டர்போமெஷினரியை (டர்பைன் மாதிரி இயந்திரங்கள்) விட்டால் டர்போமெஷினரி மட்டும்தான் போகும்.

கணிதமும் ஆப்டிட்யூடும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்

கணிதம் சுமார் 13 மார்க், ஆப்டிட்யூட் 15. சேர்த்தால் நூற்றுக்கு 28. எந்த ஒற்றைப் பாடமும் பக்கத்தில் வராது.

மேனுஃபாக்சரிங் வெறும் மனப்பாடம்

செமஸ்டர் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதின நினைப்பு. கேட்டில் வருவதில் நிறைய கணக்குதான். வெட்டும் வேகத்தையும் டூலின் ஆயுளையும் இணைக்கும் டெய்லரின் டூல் லைஃப் சமன்பாட்டையே எடுங்கள்: அதில் வரும் அடுக்கு n 0.5 என்றால், வெட்டும் வேகத்தைப் பாதியாக்கினால் டூலின் ஆயுள் 4 மடங்கு, 0.25 என்றால் 16 மடங்கு. விடையை எண்ணாக டைப் செய்யும் கேள்வியாக வந்தால் நெகட்டிவ் மார்க்கும் கிடையாது.

நண்பன் எடுத்த பாடத்தையே எடுப்பது

வேண்டாம்.

இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்கைத் தொடாமலே போவது

"இது மெக்கானிக்கலே இல்லையே" என்பார்கள். இ.ஓ.கியூ. (ஒரு தடவைக்கு எவ்வளவு சரக்கு ஆர்டர் செய்வது), சி.பி.எம். (திட்டத்தின் மிக நீண்ட வேலைத் தொடரைக் கண்டுபிடிப்பது), லீனியர் புரோகிராமிங் (கட்டுப்பாடுகளுக்குள் சிறந்த விடையைக் கண்டுபிடிப்பது) எல்லாம் மற்ற பாடம் எதுவும் தெரியாமலேயே இன்றைக்குத் தொடங்கலாம், எஸ்.ஓ.எம். படித்துத் தலை சூடான நாளில்கூட.