ஒப்பந்தத்தின் நடுவில் வாடகை உயர்வா?

வேளச்சேரியில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் குடியிருக்கிறோம். ஐந்தாம் மாதம் வீட்டுக்காரரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி: ‘அடுத்த மாதம் முதல் 2,000 ரூபாய் கூடுதல்.’ கூடவே கைகூப்பும் படம் வேறு!

இரு தரப்பும் இசைந்தால்தான் ஒப்பந்தத்தை மாற்றலாம் என்பது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 62-ஆம் பிரிவுக்கு அடிப்படை. ஒருவர் மட்டும் அனுப்பும் செய்தி வெறும் கோரிக்கைதான். ஆனால் சம்மதம் கையெழுத்தாகத்தான் வரவேண்டும் என்பதில்லை, நடத்தையாலும் வரும். பலரும் வழுக்குவது அங்கேதான். முணுமுணுத்துக்கொண்டே கூடுதல் தொகையைக் கட்டினால், ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ள இடமுண்டு.

ஆகவே உடனே எழுத்தில் பதில் அனுப்புங்கள். நான் எழுதியது இவ்வளவுதான்: ‘சார், ஒப்பந்தக் காலம் முடியும்வரை பழைய வாடகையே தருகிறேன். புதுப்பிக்கும்போது பேசிக்கொள்ளலாம்.’ பழைய தொகையை வழக்கமான தேதியில் வங்கி வழியாகவே செலுத்தினேன். எந்த மாத வாடகை என்பதையும் குறிப்பிட்டேன்.

பதில் எழுதும் முன் ஒப்பந்தத்தை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள். ‘இடையில் வாடகையை உயர்த்தலாம்’ என்ற வரி உள்ளே ஒளிந்திருந்தால், அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். பிறகு பேரம்தான் பேசவேண்டும்.